கால் காந்துது என்றால் காது கொடுங்கள்



உங்கள் ஓய்வூதியர் சங்கத்தின் செயலாளர் என்னை அழைக்க வந்தபோது ஒரு நிபந்தனை போட்டார். “டாக்டர், சர்க்கரையைப் பத்தி வேண்டாம், போன வருஷம் வந்தவரும் அதையேதான் பேசினார். இதயமும் வேண்டாம், பயந்துடறாங்க. ராத்திரி தூக்கம் வராததைப் பத்திப் பேசுங்களேன்” என்றார். ஏன் வரவில்லை என்று கேட்டேன். பதில் சொல்லாமல் குனிந்து உள்ளங்காலைத் தடவிக்கொண்டார். தலைப்பு கிடைத்துவிட்டது. முதுமையில் வரும் நரம்பு வலி, அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். சர்க்கரையைத் தொடாமல் இதைப் பேச முடியாது. செயலாளர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வலியில் இரண்டு வகை உண்டு. முட்டி தேய்ந்திருக்கிறது, விரலை அரிவாள்மணை வெட்டிவிட்டது, வயிற்றில் புண். இந்த இடங்களிலிருந்து நரம்பு செய்தி கொண்டுபோகிறது, மூளை அதை வலி என்று அறிகிறது. நரம்பு தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. இது ஒரு வகை. இன்னொரு வகையில், அடி எங்கும் இல்லை, புண் எங்கும் இல்லை. செய்தி கொண்டுபோகிற நரம்பே கெட்டுப்போய், நடக்காததை நடந்ததாக மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. முன்னதை எக்ஸ்ரேயில் காட்டலாம், ஸ்கேனில் காட்டலாம். பின்னதை எதில் காட்டுவது? காலைப் பார்த்தால் கால் நன்றாக இருக்கிறது. வீக்கம் இல்லை, சிவப்பு இல்லை. ஆனால் அதன் சொந்தக்காரர் இரவு 2 மணிக்குக் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார்.

அப்படியானால் இந்த நோயை எப்படிக் கண்டுபிடிப்பது? நோயாளியின் பேச்சை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான். மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான் வரும்.

நம் ஊர்ப் பெரியவர்கள் என்னவெல்லாம் சொல்கிறார்கள் தெரியுமா? “கால் காந்துது.” “மொளகாப் பொடி தூவின மாதிரி எரியுது.” “கரண்ட் அடிச்ச மாதிரி சுளீர்னு இழுக்குது.” “எறும்பு ஊருது, பார்த்தா ஒண்ணுமில்ல.” “பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கு.” “செருப்பு கழண்டு போனதே தெரியல.” இதைச் சொல்கிறவர்கள் மருத்துவம் படித்தவர்கள் இல்லை, பாதிப் பேர் பள்ளிக்கூடமே பார்க்காதவர்கள். ஆனால் 2005-இல் பிரான்ஸ் நாட்டு வலி மருத்துவர்கள் சேர்ந்து ஒரு வினாப்பட்டியல் வெளியிட்டார்கள். நரம்பு வலியா, வேறு வலியா என்று பிரித்தறிய உலகம் முழுக்க இன்று அதைப் பயன்படுத்துகிறார்கள். பத்து அம்சங்கள். அதில் ஏழு வாயால் கேட்பவை: எரிகிறதா, வலிக்கும்படி சில்லிடுகிறதா, மின்சாரம் பாய்கிற மாதிரி இருக்கிறதா, கூசுகிறதா, ஊசி குத்துகிறதா, மரத்திருக்கிறதா, அரிக்கிறதா. மீதி மூன்று தொட்டும் குத்தியும் வருடியும் பார்ப்பவை. பத்தில் நான்குக்கு ‘ஆமாம்’ வந்தால் நரம்பு வலி என்று சந்தேகப்படலாம். மெஷின் இல்லை, ரத்தம் எடுக்கவில்லை. நம் பாட்டி திண்ணையில் உட்கார்ந்து புலம்பியதைத்தான் அவர்கள் பட்டியலாக்கியிருக்கிறார்கள்.

பாட்டி புலம்பியபோது நாம் என்ன சொன்னோம்? “வயசானா அப்படித்தான் இருக்கும், தைலம் தேய்ச்சுக்கிட்டுப் படு.” இல்லையா?

நண்பர்களே, இந்தத் தொல்லை ஏன் பெரும்பாலும் கால் விரல் நுனியில் தொடங்குகிறது? நம் உடம்பில் இருப்பதிலேயே நீளமான நரம்பிழை இடுப்புப் பகுதியில் முதுகெலும்பின் பக்கத்திலிருந்து கால் விரல் வரை போகிறது. ஏறத்தாழ ஒரு மீட்டர். அந்த ஒரு மீட்டர் இழைக்கும் ஊட்டம் மேலே இருக்கும் ஒரே ஓர் உயிரணுவிலிருந்துதான் வரவேண்டும். நீங்கள் காவிரிப் பாசனத்துக்காரர்கள், உங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மேட்டூரில் தண்ணீர் குறைந்தால் எந்த வயல் முதலில் காயும்? கடைமடை. உடம்புக்கும் அதே கணக்குதான். சர்க்கரையோ, சத்துக் குறைவோ, சாராயமோ, எது நரம்பைத் தாக்கினாலும் முதலில் வாடுவது கடைமடையான கால் விரல். பிறகு பாதம், கணுக்கால் என்று ஏறும். கிட்டத்தட்ட முழங்கால் வரை ஏறிய பிறகுதான் கை விரல் நுனியில் ஆரம்பிக்கும். ஒருவர் வந்து, “மொதல்ல காலு, இப்ப கை விரலும் மரத்துப்போகுது” என்று அந்த வரிசையில் சொன்னால், பாதி நோய் கண்டுபிடித்தாகிவிட்டது.

மிளகாய் தூவின மாதிரி என்று சொன்னேன் அல்லவா? அது வெறும் பேச்சலங்காரம் என்று நினைக்காதீர்கள். 1997-இல் அமெரிக்காவில் டேவிட் ஜூலியஸ் என்ற விஞ்ஞானியின் ஆய்வகம், மிளகாயின் காரப் பொருளான கேப்சைசின் நம் நரம்பு நுனியில் எந்த இடத்தில் போய் ஒட்டுகிறது என்று தேடியது. ஒரு நுண்ணிய வாயிலைக் கண்டுபிடித்தது. அந்த வாயில் காரத்துக்கும் திறக்கிறது. சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டாலும் திறக்கிறது. காரமும் சூடும் மூளைக்கு ஒரே வழியாகப் போகின்றன. அதனால்தான் மிளகாய் கடித்தால் நாக்கு ‘எரிகிறது’. இந்த வேலைக்காக ஜூலியஸ் 2021-இல் ஆர்டம் பட்டபூட்டியனுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நம் பெரியவர் காலில் மிளகாயும் இல்லை, சூடும் இல்லை. ஆனாலும் அதே மெல்லிய நரம்புகள் அதே செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கின்றன. அவர் கற்பனை செய்யவில்லை. நடப்பதை அப்படியே அறிக்கை வாசிக்கிறார்.

இன்னொன்று. இந்த மெல்லிய நரம்புகள் மட்டும் கெட்டிருந்தால், நரம்பில் மின்சாரம் செலுத்திப் பார்க்கும் பரிசோதனை ‘நார்மல்’ என்றே வரும், ஏனென்றால் அது பருத்த நரம்புகளை மட்டுமே அளக்கிறது. பரிசோதனைத் தாளை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனதும் மகன் சொல்வான்: “ஆறாயிரம் ரூபாய் செலவு பண்ணிப் பார்த்தாச்சு, உங்களுக்கு ஒண்ணுமில்லையாம்ப்பா.” அதோடு அவர் வாயை மூடிக்கொள்வார். வலி மட்டும் வாயை மூடாது.

இல்லாத காலே வலிப்பதை என்னவென்று சொல்வது? சர்க்கரையால் காலை எடுத்துவிட்டார்கள். முழங்காலுக்குக் கீழே கால் இல்லை. ஆனால் கட்டை விரல் முறுக்குகிறது, உள்ளங்கால் எரிகிறது என்கிறார். வீட்டில் உள்ளவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கை கால் இழந்த சிப்பாய்கள் இதைச் சொன்னபோது, சைலஸ் வீர் மிட்சல் என்ற மருத்துவர் உட்கார்ந்து கேட்டார், எழுதி வைத்தார். நூறாண்டுக்கும் மேல் கழித்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன், 1990-களில் அமெரிக்காவில் ஒரு சாதாரண நிலைக்கண்ணாடியை வைத்து, இருக்கிற கையின் பிம்பத்தை இல்லாத கையின் இடத்தில் காட்டி, சிலருக்கு அந்த வலியைத் தணித்தார். இருவரும் முதலில் செய்தது என்ன? நோயாளி சொன்னதை நம்பினார்கள்.

இனி இந்த நோயின் விசித்திரமான பகுதிக்கு வருகிறேன். கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள்.

எரிகிற கால்தான் உணர்வில்லாத காலும். ஒரே பாதம், இரவெல்லாம் காந்துகிறது. அதே பாதத்தில் காலையில் முள் ஏறினால் தெரியாது. நோய் முற்றும்போது சிலருக்கு எரிச்சல் தானாகக் குறையும். “டாக்டர், எரிச்சல் போயிடுச்சு, உங்க மாத்திரை நல்லா வேலை செய்யுது” என்று சந்தோஷமாக வருவார். எனக்கு அங்கேதான் வயிற்றைக் கலக்கும். மாத்திரையால் குறைந்ததா, நரம்பு அடியோடு செத்துப்போனதால் குறைந்ததா? செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைத் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும்.

வலி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தது நம்முடைய வேலூர். பால் பிராண்ட் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர் 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர். பெற்றோர் அங்கே சமயப் பணிக்கு வந்த ஆங்கிலேயர்கள். 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அந்தக் காலத்தில் தொழுநோய் வந்தால் விரல்கள் தாமாக அழுகி உதிர்ந்துவிடும் என்று மருத்துவர்களே நம்பினார்கள். பிராண்ட் பக்கத்தில் இருந்து பார்த்தார். துருப்பிடித்த பூட்டு ஒன்றை அவரால் திறக்க முடியவில்லை. நோயாளிச் சிறுவன் ஒருவன் சாவியை வாங்கித் திருகித் திறந்துவிட்டான். இவ்வளவு பலமா என்று கையைப் பார்த்தால், விரல் எலும்பு தெரியும் அளவுக்குக் கிழிந்து ரத்தம் சொட்டுகிறது. அவனுக்குத் தெரியவே இல்லை. நோய் விரலைத் தின்னவில்லை. வலி தெரியாததால் காயத்தின் மேல் காயம் பட்டு விரல் குறைகிறது என்று பிராண்டுக்குப் புரிந்தது.

அப்படியும் சிலருக்கு ஒரே இரவில் விரல் நுனி காணாமல் போனது. படுக்கும்போது இருந்தது, விடிந்தால் இல்லை. இரவு கண்விழித்துக் காவல் இருந்து பார்த்தார்கள். எலி! உணர்வில்லாத விரலை எலி கடித்துத் தின்கிறது, தூங்குகிறவருக்குத் தெரியவில்லை. அதன் பிறகு வீட்டுக்கு அனுப்பும் நோயாளியுடன் ஒரு பூனையையும் சேர்த்து அனுப்பினார்கள். மருத்துவ வரலாற்றில் இதைவிட மலிவான, இதைவிடப் புத்திசாலித்தனமான மருந்துச் சீட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

அந்த அனுபவம் எங்கே போய்ச் சேர்ந்தது? 1966-இல் பிராண்ட் அமெரிக்காவில் லூசியானா மாநிலத்துக் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே சர்க்கரை நோயாளிகளின் பாதங்களைப் பார்த்ததும் அவருக்கு வேலூர் ஞாபகம்தான் வந்தது: அதே உணர்வின்மை, அதே இடங்களில் அதே புண். புண்ணான பாதத்துக்கு அச்சாக ஒட்டும்படி மாவுக்கட்டுப் போட்டு, பளுவைப் பாதம் முழுவதும் பரவச் செய்யும் முறையை அங்கே பரப்பினார். அந்த முறையைத் தொழுநோய்ப் புண்ணுக்கு 1930-களில் கையாண்டவர் இலங்கை அறுவை மருத்துவர் மில்ராய் பால். வேலூரில் தொழுநோயாளிகளுக்குப் போட்டுவிட்ட மிருதுவான மைக்ரோசெல்லுலார் ரப்பர் செருப்பைத்தான் ‘எம்.சி.ஆர். செருப்பு’ என்று இன்று உங்கள் மருத்துவர் எழுதிக்கொடுக்கிறார். அதைப் போட வெட்கப்படுகிறவர்கள் உண்டு. “ஊர்ல பார்த்தா வேற நோய்னு நெனைப்பாங்க” என்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும் ஐயா. கால் உங்களுடையது.

சர்க்கரைக்கு வந்துவிட்டேன். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வின்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவீதம். அதோடு இன்னோர் எண்ணையும் சேர்த்துப் பாருங்கள்: 2021 மதிப்பீட்டில் நம் மாநில மக்களில் 13.6 சதவீதத்தினர் 60 வயதைக் கடந்தவர்கள், கேரளத்துக்கு அடுத்த இடம். சர்க்கரையும் முதுமையும் கூடும் இடத்தில் நரம்பு வலி உட்கார்ந்திருக்கிறது. நம் நாட்டில் இதற்கு முதல் காரணம் சர்க்கரைதான்.

உணர்வு குறைந்த காலை வைத்துக்கொண்டு நாம் செய்யும் வேலைகளைச் சொல்லட்டுமா? எரிச்சலுக்கு இதமாக இருக்கும் என்று சுடுநீரில் உப்புப் போட்டுக் காலை வைக்கிறோம். சூடு தெரியாது. தோல் உரிந்து கொப்புளம் ஆன பிறகுதான் மருமகள் கண்ணில் படுகிறது. செங்கல்லைச் சுட்டுத் துணியில் சுற்றி ஒத்தடம். சித்திரை வெயிலில் உச்சிப்பொழுதில் கோயில் கல்தளத்தில் வெறுங்காலோடு பிரகாரம் மூன்று சுற்று. நான் பக்திக்கு எதிரி இல்லை. விடிகாலையில் போங்கள், சாமி அப்போதும் அங்கேதான் இருக்கிறார். இரவு படுக்குமுன் இரண்டு பாதத்தையும் விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். குனிய முடியாதவர்கள் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாருங்கள். கண் சரியாகத் தெரியாதவர்களுக்குப் பேரன் பேத்தி பார்க்கட்டும். அந்தப் பிள்ளைகள் செல்போனில் படம் எடுத்தே காட்டிவிடும்.

ஆனால் எல்லாவற்றையும் சர்க்கரை மேல் போட்டுவிடாதீர்கள். ஓர் உதாரணம். “முகத்துக்கு சோப்பு போட்டுக் கண்ணை மூடினா தள்ளாடுது டாக்டர், சுவத்தைப் பிடிச்சுக்க வேண்டியிருக்கு” என்று ஒரு மூதாட்டி சொன்னால் என்ன அர்த்தம்? பாதம் எங்கே இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு வேலை செய்யவில்லை. இதுவரை கண் அந்தக் குறையை ஈடுகட்டி வந்தது. கண்ணை மூடியதும் குட்டு வெளிப்பட்டுவிட்டது. வைட்டமின் பி12 குறைவு இதைச் செய்யும். யாருக்குக் குறையும்? பால்கூட அதிகம் சேர்க்காத சைவ உணவுக்காரர்களுக்கு. வயதால் இரைப்பைச் சுரப்பு குறைந்தவர்களுக்கு. வாயு, நெஞ்செரிச்சல் என்று தினமும் காலையில் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை போட்டுக்கொண்டே இருப்பவர்களுக்கு. சர்க்கரைக்கு மெட்பார்மின் பல ஆண்டுகளாகச் சாப்பிடுபவர்களுக்கு. கடைசி மூன்றும் ஒரே ஆளிடம் இருப்பது நம் ஊரில் அபூர்வமா? இரத்தத்தில் பி12 அளவு பார்த்தால் தெரிந்துவிடும். குறைந்திருந்தால் ஊசியோ மாத்திரையோ கொடுத்து ஈடுகட்டலாம். நரம்பு வலிக்கான காரணங்களில் சரிசெய்யக்கூடிய ஒன்று இது. அதைத் தவறவிடுவது பாவம்.

அதற்காக மருந்துக்கடையில் போய் “நரம்புக்குச் சத்து ஊசி ஒண்ணு போடுங்க” என்று கையை நீட்டாதீர்கள். சத்து ஊசி என்று போடும் சிவப்பு ஊசியிலும், பலவகை ‘நரம்பு மாத்திரை’களிலும் பி6 என்ற சத்தும் கலந்திருக்கிறது. அளவு மீறி நீண்ட நாள் எடுத்தால் அந்த பி6 சத்தே நரம்பைக் கெடுக்கும். 1983-லேயே அமெரிக்க மருத்துவ இதழில் இதை எழுதிவிட்டார்கள். நரம்புக்கு நல்லது என்று எடுத்த மருந்து நரம்பைக் கெடுப்பதைப் போன்ற கொடுமை வேறு உண்டா?

கேட்டால் கிடைக்கும் விடைகளுக்கு இன்னும் இரண்டு உதாரணம், சுருக்கமாக. “சைக்கிள்ல எவ்வளவு தூரம் வேணும்னாலும் போவேன், நடந்தா தெருக்கோடி தாண்ட முடியல, கால் கடுத்து மரத்துப்போகுது, குனிஞ்சு உட்கார்ந்தா சரியாகுது” என்றால், கோளாறு காலில் இல்லை. இடுப்பில் முதுகெலும்புக் குழாய் குறுகி நரம்பை நெரிக்கிறது. முன்பக்கம் குனிந்தால் குழாய் சற்று அகலும். அதனால்தான் சைக்கிள் சுகம். இன்னொருவருக்குப் பல் துலக்கினால், மோர் குடித்தால், முகத்தில் காற்று பட்டால், ஒரு பக்கத் தாடையில் மின்னல் வெட்டுகிறது. பல்வலி என்று ஒரு பல்லைப் பிடுங்கினார்கள். போகவில்லை. பக்கத்துப் பல்லையும் பிடுங்கினார்கள். பிறகுதான் தெரிந்தது, அது முக நரம்பு வலி. வலி எத்தனை விநாடி இருக்கிறது, எதைத் தொட்டால் வருகிறது என்று முதலிலேயே கேட்டிருந்தால் பற்கள் தப்பித்திருக்கும்.

இப்போது அக்கி. தாய்மார்களே, இது உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான்.

சிறுவயதில் சின்னம்மை வந்தது. வேப்பிலை கட்டினோம், தலைக்குத் தண்ணீர் ஊற்றினோம், அம்மை இறங்கிவிட்டது என்றோம். கிருமி உடம்பை விட்டு இறங்கவில்லை. முதுகுத்தண்டை ஒட்டியுள்ள நரம்பு முடிச்சுகளில் போய்ப் படுத்துக்கொண்டது. ஐம்பது ஆண்டு படுத்திருக்கும். வயது ஏறி எதிர்ப்புச் சக்தி தளரும்போது எழுந்து, ஒரே ஒரு நரம்பின் வழியாக வெளியே வரும். அதுதான் அக்கி. இங்கிலாந்தில் சைரன்செஸ்டர் என்ற சிறிய ஊரில் ஹோப்-சிம்சன் என்ற பொது மருத்துவர், தன்னிடம் வந்த அக்கி நோயாளிகளைப் பதினாறு ஆண்டுகள் குறித்துவைத்து, 1965-இல் இந்தக் கதையை எழுதினார். பெரிய ஆய்வுக்கூடம் அவரிடம் இல்லை. வருகிறவர்களைக் கேட்பார், குறிப்பார், அவ்வளவுதான்.

அக்கி முதலில் கொப்புளமாக வராது. இரண்டு மூன்று நாள் முன்பே ஒரு பக்க நெஞ்சில், அல்லது முதுகிலிருந்து வயிற்றுக்குச் சுற்றி, எரிச்சலும் குத்தலும் வரும். மாரடைப்போ என்று ஓடுவோம், ஈ.சி.ஜி. சரியாக இருக்கும். ஓடியதில் தப்பில்லை, மாரடைப்பு இல்லை என்று உறுதி செய்துகொள்ளத்தான் வேண்டும். பிறகு ஒரு நாள் காலையில் பட்டையாகக் கொப்புளம் கிளம்பும். உடனே என்ன செய்வோம்? மண்பாண்டம் செய்கிறவர் வீட்டுக்குப் போய் அக்கி எழுதுவோம். காவியைக் குழைத்துக் கொப்புளத்தின் மேல் கோடு இழுத்து எழுதுவார். இரண்டு மூன்று வாரத்தில் கொப்புளம் காய்ந்து பொருக்கு உதிரும். எழுதினாலும் உதிரும், எழுதாவிட்டாலும் உதிரும். எழுதுகிற பெரியவரை நான் குறை சொல்லவில்லை. நோயாளிக்கு அவர் சொல்லும் ஆறுதலில் பாதியைக்கூட எங்கள் புறநோயாளிப் பிரிவில் சொல்ல நேரமில்லை. எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அதே நாளில் மருத்துவரிடமும் போங்கள். கொப்புளம் தோன்றி 72 மணி நேரத்துக்குள் கிருமிக்கான மாத்திரையைத் தொடங்க வேண்டும். அதுதான் சரியான நேரம். கண்ணைச் சுற்றியோ நெற்றியிலோ வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது, பார்வைக்கே ஆபத்து.

பொருக்கு உதிர்ந்த பிறகும் சிலருக்கு வலி மட்டும் தங்கிவிடும். மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில். வயது கூடக் கூட அப்படித் தங்கும் வாய்ப்பும் கூடும். “ரவிக்கை பட்டா உயிர் போகுது”, “ஃபேன் காத்து பட்டா நெருப்பு பட்ட மாதிரி இருக்கு.” எழுபது வயதில் ஓர் அம்மா மேல்துணியைத் தள்ளிவைத்துக்கொண்டு அறைக்குள்ளேயே இருக்கிறார், விசேஷத்துக்கு வருவதில்லை, விருந்தாளி வந்தால் எழுந்து வருவதில்லை. உறவுக்காரர்கள் என்ன சொல்வார்கள்? திமிர் என்பார்கள். அவருக்கோ, எங்கே வலிக்கிறது என்று மகனிடம்கூடச் சொல்லக் கூச்சம். அதனால் மகள்களே, மருமகள்களே, நீங்கள் கேட்க வேண்டும். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

அக்கிக்குத் தடுப்பூசி இருக்கிறது. 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான புதிய தடுப்பூசி 2023-இல் இந்தியாவுக்கும் வந்துவிட்டது. இரண்டு தவணை, இரண்டு முதல் ஆறு மாத இடைவெளி. ஆய்வுகளில் 90 சதவீதத்துக்கு மேல் பாதுகாப்பு கொடுத்தது. விலை, நம்மில் பலருடைய ஒரு மாத ஓய்வூதியத்தைப் பாதியாக்கிவிடும். குழந்தைக்குத் தடுப்பூசி இலவசமாகக் கிடைக்கிறதே, அப்படி முதியோருக்கும் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. சங்கம் தீர்மானம் போட்டால் முதல் கையெழுத்து என்னுடையது.

சரி, மருந்து? உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முட்டி வலிக்குப் போடும் மாத்திரை இதற்குக் கேட்காது. பாராசிட்டமால் கேட்காது. டைக்ளோஃபெனாக்கைத் தின்று தின்று சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கால் எரிச்சல் அப்படியே இருக்கும். இதற்கான மருந்துகள் வேறு இடத்திலிருந்து வந்தவை. கபாபென்டினும் பிரிகாபலினும் வலிப்பு மருந்துக் குடும்பம். அமிட்ரிப்டிலினும் டுலாக்செட்டினும் மனச்சோர்வு மருந்துகள். நரம்பின் தேவையற்ற கூச்சலை இவை அடக்குகின்றன. சீட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால், கடைப்பையன் நல்லெண்ணத்தில், “இது ஃபிட்ஸுக்குக் குடுக்கிறதாச்சே, உங்களுக்கு எதுக்கு?” என்பான். அன்றிரவே மாத்திரை குப்பைக்குப் போய்விடும். இனி அப்படிக் கேட்டால், “காலுக்குத்தான் தம்பி” என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்? பத்துக்கு எட்டாக இருந்த வலி நாலுக்கு வந்தால் அது வெற்றி. பூஜ்யம் என்று யாராவது உத்தரவாதம் கொடுத்தால் பணப்பையைப் பிடித்துக்கொள்ளுங்கள். 2015-இல் உலக ஆய்வுகளையெல்லாம் தொகுத்துக் கணக்கிட்டார்கள்: பிரிகாபலினை ஏழெட்டுப் பேர் சாப்பிட்டால், அந்த மருந்தால் வலி பாதியாகக் குறைந்தவர் ஒருவர். அமிட்ரிப்டிலின் வகைக்கு நாலு பேரில் ஒருவர். ஒன்று கேட்காவிட்டால் இன்னொன்றுக்கு மாறலாம். அதற்குச் சில வாரங்கள் பொறுமை வேண்டும். திடீரென்று நிறுத்தவும் கூடாது.

முதியவர்களுக்கு இவற்றைச் சிறிய அளவில் தொடங்கி மெதுவாக ஏற்ற வேண்டும். அமிட்ரிப்டிலினால் வாய் உலரும், மலம் இறுகும், புராஸ்டேட் வீங்கியவருக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளும், சிலருக்கு இரவில் புத்தி தடுமாறும். பிரிகாபலினால் தூக்கக் கலக்கம், கால் வீக்கம். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அளவைக் குறைத்தே ஆக வேண்டும். எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் விழுவதைப் பற்றித்தான். ஏற்கெனவே பாதம் தரையை உணரவில்லை, மேலே மாத்திரை மயக்கம், நடுராத்திரி, குளியலறை வாசலில் ஈரம். இடுப்பு எலும்பு முறிந்தால் அப்புறம் நரம்பு வலியைப் பற்றிப் பேசவே யாருக்கும் நேரமிருக்காது. படுக்கைக்கும் கழிப்பறைக்கும் நடுவே இரவு முழுக்க ஒரு சிறு விளக்கு எரியட்டும். மின்கட்டணத்தைப் பற்றி முணுமுணுக்காதீர்கள்.

பூசும் மருந்தும் உண்டு. கேப்சைசின் களிம்பு, ஆமாம், அதே மிளகாய்தான். சில நாள் எரிய வைத்து, பிறகு அந்த நரம்பு நுனிகளை ஓய வைக்கும். ஆனால் உணர்வு செத்த காலிலும் வெடித்த தோலிலும் தடவக் கூடாது. தடவிய கையால் கண்ணைத் தொட்டால் என்ன ஆகும் என்று சமையல் செய்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நடக்க முடியாதவர்கள் பிசியோதெரபிப் பயிற்சிக்கும் சர்க்கரை மாத்திரைக்கும் மருத்துவமனைக்கு அலைய வேண்டாம். 2021 முதல் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்ட ஊழியர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். வந்தால் மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடாதீர்கள், “கால் எரியுது” என்பதையும் சொல்லுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது என்ன சொல்வது? “ஒரே வலி” என்று மட்டும் சொல்லாதீர்கள். எரிகிறதா, குத்துகிறதா, மரத்திருக்கிறதா. பகலிலா, படுத்த பிறகா. போர்வை பட்டால் பொறுக்கிறதா. எந்த விரலில் ஆரம்பித்தது. உங்களுக்கு வருகிற வார்த்தையிலேயே சொல்லுங்கள். கூட வருகிற பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: அப்பாவிடம் கேட்ட கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லாதீர்கள். “அவருக்கு முட்டி வலி சார்” என்று நீங்கள் சொல்லிவிட்டால், அவர் தலையாட்டிவிட்டு வந்துவிடுவார்.

இந்தக் கூட்டம் முடிந்ததும் வராந்தாவில் இரண்டு மேசை போட்டிருக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர்கள் உங்கள் பாதத்தைப் பரிசோதிப்பார்கள். அவர்கள் கையில் ஒரு நைலான் இழை இருக்கும். சரியாக 10 கிராம் அழுத்தத்தில் வளையும்படி செய்தது. கண்ணை மூடிக்கொள்ளச் சொல்வார்கள். இழை பாதத்தில் பட்டால், பட்டது என்று சொல்ல வேண்டும்; படவில்லையென்றால் பேசாமல் இருக்க வேண்டும். ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு “ஆமாம் ஆமாம்” என்று முழு மதிப்பெண் வாங்கப் பார்க்காதீர்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்களிடம் இந்தப் பழக்கம் அதிகம், முன்வரிசையிலேயே நாலைந்து பேர் தெரிகிறார்கள். வலது மேசை ஆண்களுக்கு, இடது மேசை பெண்களுக்கு. செருப்பை வாசலில் விட்டுவிட்டு நடக்க வேண்டாம், வராந்தாத் தரை வெயிலில் காய்ந்திருக்கிறது. போட்டுக்கொண்டே வந்து, நாற்காலியில் உட்கார்ந்த பிறகு கழற்றுங்கள்.